கடும் அலர்ஜி வந்தால் என்ன செய்வது? மெடிக்கல் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கதண்டு (குளவி இனத்துப் பெரிய பூச்சி) கொட்டியது, இறால் சாப்பிட்டு முகம் வீங்கியது, ஊசி போட்டதும் ஒரு மாதிரி வந்தது என்று வருகிறவர்கள் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டர் இருக்கும் இடத்தில் இதற்கு வேலை இல்லை. அவரிடம் போய்ச் சேரும் வரைக்கும் உள்ள நேரத்துக்குத்தான் இது.

இப்போது உங்கள் கண் முன்னாலேயே ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது, உதடு வீங்குகிறது, மயக்கம் வருகிறது என்றால் மற்றதைப் பிறகு படியுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் அட்ரினலின் ஊசி (இதற்கான முதல் மருந்து) போடக்கூடியவர் யார் இருந்தாலும் வரவழையுங்கள்.

அலர்ஜி எல்லாருக்கும் வருவதுதானே? இதில் பயப்பட என்ன இருக்கிறது?

அலர்ஜியில் பல தரம் உண்டு. தூசி பட்டுத் தும்மல் வருவது ஒன்று. நம் ஊரில் காணாக்கடி என்போமே, உடம்பில் திட்டுத்திட்டாகத் தடித்து அரிப்பது, அது ஒன்று. இவை தொந்தரவு தரும், ஆளைக் கொல்லாது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் தோல், மூச்சு, குடல், ரத்த ஓட்டம் என்று உடம்பின் பல பாகங்களைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் முற்றுவது. டாக்டர்கள் இதை அனாஃபிலாக்சிஸ் என்பார்கள். இந்தப் பக்கத்தில் நான் கடும் அலர்ஜி என்று எழுதுவதெல்லாம் இதைத்தான்.

உள்ளே நடப்பது இது. உடம்பு ஒரு பொருளை எதிரியாக நினைத்து, ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. 10 நிமிடத்துக்குள் ரத்தத்தில் உள்ள நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை குழாயை விட்டு வெளியே போய்விடலாம். பிரஷர் விழுகிறது. இன்னொரு பக்கம் தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. உயிர் போவது இந்த இரண்டில் ஒன்றால்தான்.

எதைப் பார்த்ததும் இது சாதாரணமில்லை என்று முடிவு செய்வது?

கடையில் நான் கேட்கும் கேள்விகளையே சொல்கிறேன். குரல் மாறியிருக்கிறதா, கம்மியிருக்கிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? விடாமல் இருமுகிறாரா, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறதா? நாக்கு தடித்த மாதிரி பேசுகிறாரா? வாந்தி, வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, பேதி உண்டா? கண்ணை இருட்டுகிறதா? நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடுகிறதா?

தோலில் தடிப்போடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கடும் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இன்ன பொருள் ஆகாது என்று தெரிந்தவர், அதே பொருள் உள்ளே போனபின் மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ தடிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அது ஒன்றே போதும்.

ஆரம்பத்தில் பலர் சொல்லும் ஒரு அடையாளம் உள்ளங்கை, உள்ளங்கால், தலைமுடிக்குள் திடீர் அரிப்பு. இன்னொன்றைச் சுற்றி நிற்பவர்கள் சிரித்து ஒதுக்கிவிடுவார்கள்: “எனக்கு என்னமோ பண்ணுது, நான் பிழைக்க மாட்டேன்” என்று நோயாளி சொல்வது. பயத்தில் உளறுகிறார் என்று நினைக்காதீர்கள். இந்த நோய்க்கு உரிய அடையாளங்களில் அதுவும் ஒன்று என்று மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிறது.

உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லையே, அப்புறம் எப்படி அலர்ஜி?

பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத் தோலில் எதுவும் தெரியாது. நேராக மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்துவிடும். கறுத்த தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. கையால் தடவிப் பார்த்தால் மேடு தட்டுப்படும். உதட்டையும் காது மடலையும் பாருங்கள்.

எவ்வளவு நேரத்தில் முற்றும்?

நரம்பில் ஏற்றிய மருந்தென்றால் ஐந்து நிமிடத்துக்குள்கூட. பூச்சிக்கடி என்றால் பத்து, பதினைந்து நிமிடம். சாப்பாடு என்றால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தொடங்கும், இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். போன முறை லேசாக வந்தது, அதனால் இந்த முறையும் லேசாகத்தான் வரும் என்று கணக்குப் போட முடியாது.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

படுக்க வைப்பது. ஊசி, மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கையில் இருப்பது இதுதான், செலவும் இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணையோ பையோ வைத்து உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் அதிகமென்றால் சாய்ந்து உட்காரட்டும், ஆனால் காலை நீட்டியபடி. வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடது பக்கமாக. எழுந்து நிற்கவோ, நடக்கவோ, “பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பவோ விடக்கூடாது.

இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் அவசரத்துக்குக் கையில் இருப்பது டூவீலர். ஓட்டுகிறவர் முன்னால், துணைக்கு ஒருவர் பின்னால், நடுவில் துவண்ட நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, கால்கள் தொங்க, மேடு பள்ளத்தில் விரட்டிக்கொண்டு வருவார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் இந்த நோய்க்கு இதைவிட மோசமான இருப்பு கிடையாது. குழாய்கள் தளர்ந்து, இருக்கும் கொஞ்ச ரத்தமும் காலில் தேங்குகிறது. தண்ணீர் வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் மாதிரி இதயம் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்த சில நொடிகளில் உயிர் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

108 வரத் தாமதமாகும் ஊர் என்றால் காரின் பின் சீட்டில் படுக்க வைத்து வாருங்கள். கார் இல்லையா, குட்டியானை பிடித்து, பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். பார்க்க மரியாதையாக இருக்காது, பரவாயில்லை.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? நேராக மதுரை பெரியாஸ்பத்திரிக்கா?

இல்லை. அட்ரினலின் ஊசி இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கு. அது ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, தெருமுனையில் உள்ள கிளினிக்காக இருந்தாலும் சரி. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ள மருந்து அது, விலையும் சொற்பம். மேலூரிலிருந்து மதுரை சுமார் 30 கிலோமீட்டர். வழியில் உள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பெரிய இடத்துக்குப் பறப்பதில் அந்த முதல் ஊசிக்கான நேரம் போய்விடும். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அதன்பிறகு ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரியான ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம்.

108-க்குப் பேசும்போது “மயக்கம்” என்று மட்டும் சொல்லாமல், “கடும் அலர்ஜி, மூச்சு வாங்குகிறது” என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு அடையாளத்துக்கு ஒரு கோயிலோ பஸ் ஸ்டாப்போ சொல்லி, ரோட்டில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

ஒரு அவில் மாத்திரை போட்டால் சரியாகாதா?

என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு சாயங்காலம் அண்ணன் ஒருவர் எக்செல் வண்டியை நிறுத்தாமலேயே “தம்பி, நாலு அவில் குடுப்பா” என்றார்.

“யாருக்குண்ணே?”

“வீட்லதான்ப்பா. கதண்டு கொட்டிருச்சு. உடம்பெல்லாம் தடிச்சுக் கெடக்கு, ரெண்டு தடவ வாந்தி வேற.”

“அக்கா எங்க?”

“இந்தா, பின்னாடிதான உக்காந்திருக்கா.”

எட்டிப் பார்த்தால் அந்த அக்கா அவர் முதுகில் சாய்ந்திருந்தார். இமை இரண்டும் வீங்கிக் கண் கோடாகியிருந்தது. “தண்ணி” என்று கேட்டார், குரல் காற்றாக வந்தது. கடை பெஞ்சில் படுக்க வைத்து, காலுக்கு அடியில் குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டியை வைத்தோம். எதிர் கிளினிக் டாக்டர் வந்து, சேலையோடு சேர்த்தே தொடையில் ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா தானாகவே கையை ஊன்றி எழப் பார்த்தார். எழ விடாமல் பிடித்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாகப் போனது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், அன்று இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்தார்கள்.

அவில், செட்டிரிசின் போன்றவை அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். விழுந்த பிரஷரைத் தூக்காது, தொண்டை வீக்கத்தைத் திறக்காது. மாத்திரை வேலை செய்யவே அரை மணிக்கு மேல் ஆகும். “டெகா போட்டா நிக்கும்” என்பார்கள். டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசிகள் வேலை செய்ய மணிக்கணக்காகும். இவை எல்லாம் அட்ரினலினுக்குப் பிறகு கூடவே கொடுப்பவை. அவில் போட்டதும் அரிப்பு நின்றுவிடுவதால், சரியாகிவிட்டது என்று நினைத்து ஆஸ்பத்திரி போகாமல் இருப்பது கூடுதல் ஆபத்து. தோலில் தடிப்பு மட்டும்தான், வேறெந்த அடையாளமும் இல்லை என்றால் மாத்திரை போதும். அப்போதும் இரண்டு மணி நேரமாவது ஆளைத் தனியாக விடாதீர்கள்.

அட்ரினலின் ஆபத்தான ஊசியாமே? இதய நோயாளிக்குப் போடலாமா?

நின்றுபோன இதயத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று சினிமாவில் பார்த்துப் பார்த்து, கடைசிக் கட்ட மருந்து என்ற பயம் வந்துவிட்டது. இந்த நோய்க்கு அதுதான் முதல் மருந்து. சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும், கசியும் குழாய்களை இறுக்கும், இதயத்துக்குப் பலம் கொடுக்கும், ரசாயனம் கொட்டுவதையே குறைக்கும். இத்தனையையும் செய்யும் வேறு மருந்து இல்லை.

போடும் இடம் தொடையின் நடுப்பகுதி, வெளிப்பக்கம், தசைக்குள். கையில் போடுவதைவிட, தோலுக்கடியில் போடுவதைவிட அங்கிருந்து வேகமாக ரத்தத்தில் சேரும். 1 மி.லி. ஆம்பியூலில் (உடைத்து எடுக்கும் கண்ணாடிக் குப்பி) 1 மி.கி. இருக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. என்பது கணக்கு, பெரியவர்களுக்கு உச்ச அளவு 0.5 மி.கி., அதாவது அரை ஆம்பியூல். தேறவில்லை என்றால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் இன்னொன்று போடுவார்கள். போட்டதும் படபடப்பு, கை நடுக்கம், தலைவலி வரும், சீக்கிரமே போய்விடும். பயம் என்று சொல்வதற்கு உண்மையான காரணம், அளவு தெரியாமல் முழு ஆம்பியூலையும் நரம்பில் ஏற்றிவிடுவது. தசையில் சரியான அளவில் போடும்போது, உயிருக்கு ஆபத்தான இந்த நிலையில் இதய நோயாளிக்கும் அதை மறுக்கக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.

அட்டெனலால், ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கதண்டு, மலைத்தேனீ கொட்டினால்?

அரிட்டாபட்டி, யானைமலை, அழகர்மலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பாறை இடுக்கு, ஆலமரக் கிளை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று மலைத்தேனீ அடை கட்டும். கோயில் மரத்தடியில் பொங்கல் வைக்கும்போது புகை மேலே போய்க் கலையும். இறுதி ஊர்வலத்தில் போடும் வெடிக்கும் கலையும். கலைந்தால் ஓடுங்கள், கையை வீசி அடிக்காதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்துவிட வேண்டும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், அதோடு ஒட்டிய விஷப்பை இன்னும் விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டுவதா, பிடுங்குவதா என்று யோசித்து நிற்காதீர்கள். எப்படியாவது உடனே எடுத்துவிடுவதுதான் முக்கியம். கதண்டும் குளவியும் கொடுக்கை விடாது, ஒன்றே பல தடவை கொட்டும்.

ஒரு கொட்டுக்கே மயங்கினால் அது அலர்ஜி. அலர்ஜியே இல்லாத ஆளுக்கும் ஏராளமாகக் கொட்டினால் விஷமே ஆபத்து. அன்று நன்றாக இருந்தவருக்கு ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் குறைந்து, டீ டிக்காஷன் நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கிறது என்று அர்த்தம். அதனால் நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக நடமாடினாலும் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வீட்டுப் பக்கம் கதண்டுக் கூடு இருந்தால் தீப்பந்தம் கட்டிக்கொண்டு நீங்களே ஏறாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழிப்பார்கள்.

சுண்ணாம்பு, வெற்றிலை மிளகு, வேப்பிலை அடிப்பது?

“பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்” என்று வளர்ந்தவர்கள் நாம். காணாக்கடிக்கு வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை, காணாக்கடி பெரும்பாலும் தானாகவே அடங்குகிற விஷயம். கடும் அலர்ஜியில் தொண்டை வீங்கியிருக்கும்போது வெற்றிலையை மெல்லச் சொன்னால் புரையேறும். தண்ணீரும் அப்படித்தான், வாயில் எதையும் கொடுக்காதீர்கள். பார்வை பார்ப்பது, வேப்பிலை அடிப்பது எல்லாம் ஆஸ்பத்திரி போய்த் திரும்பிய பிறகு. பெரியவர்கள் மனம் நோகாமல் “ஊசியப் போட்டுட்டு வந்துருவோம் அப்பத்தா, அப்புறம் நீ அடி” என்று சொல்லிக் கிளம்பிவிடலாம்.

தேள் கொட்டினாலும் இதே மருந்தா?

இல்லை. தேள் கொட்டில் பெரும்பாலும் அலர்ஜி கிடையாது, விஷத்தின் வேலை. வேர்த்துக் கொட்டும், கை கால் சில்லிடும், வாந்தி வரும், குழந்தைகளுக்கு இதயம் பாதிக்கும். அதற்குப் பிராசோசின் என்ற மாத்திரையின் பயனை மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் உலகத்துக்குக் காட்டினார். எது கொட்டியது என்பதைப் பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி போட்டதும் உடம்பு தூக்கிப் போட்டதாமே? அதற்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது அந்த மருந்து. குதிரையின் புரதம் என்பதால் சிலருக்கு நடுக்கமும், சிலருக்குக் கடும் அலர்ஜியும் வரும். இது டாக்டர்கள் எதிர்பார்ப்பதுதான். அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். அலர்ஜி வந்தால் நிறுத்தி, ஊசி போட்டு, தேறியதும் மீண்டும் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் வார்டில் கூடிச் சத்தம் போட்டு, நோயாளியை டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போவதுதான் உயிரை எடுக்கும்.

எந்தெந்தச் சாப்பாட்டில் வரும்?

எதிலும் வரலாம். அதிகமாகப் பார்ப்பது இறால், நண்டு, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி, எள், கோதுமை. கத்தரிக்காயிலும் கொண்டைக்கடலையிலும்கூட நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது.

மதுரைச் சாப்பாட்டில் ஒளிந்திருப்பதை மட்டும் சொல்கிறேன். முந்திரி, பொங்கலில் கண்ணுக்குத் தெரியும், குருமாவில் அரைத்துவிட்டிருந்தால் தெரியாது. ராத்திரிக் கடையில் முட்டை தோசையும் கறி தோசையும் வார்த்த அதே கல்லில்தான் உங்கள் சாதா தோசையும். இறால் பொரித்த எண்ணெயில் காலிஃபிளவர் பொரிப்பார்கள். பால் ஆகாத பிள்ளைக்கு ஜிகர்தண்டா முழுக்கவே ஆகாது, “பால் கம்மியா போடுங்கண்ணே” என்று சொல்லி வாங்கித் தருவதில் பிரயோஜனமில்லை.

எண்ணெய் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். அலர்ஜி புரதத்துக்குத்தான் வருகிறது. ஆரோக்கியம் என்று செக்கு எண்ணெய்க்கு மாறிய வீட்டில், வேர்க்கடலை ஆகாத ஆளுக்கு அதுவே வினையாகலாம். நல்லெண்ணெய் அநேகமாக எப்போதும் சுத்திகரிக்காததுதான், எனவே எள் ஆகாதவர் இட்லிப் பொடியில் குழைக்கும் எண்ணெயையும் விட வேண்டும்.

பரோட்டா கதை தனி. சிலருக்கு மைதாவைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கபடியோ ஃபுட்பாலோ ஆடினால், வேகமாக ஓடினால் கடும் அலர்ஜி வரும். வலி மாத்திரை போட்டிருந்தால் இன்னும் எளிதாக வரும். இரண்டும் சேர்ந்தால்தான் வரும் என்பதால், வருடக்கணக்கில் காரணம் பிடிபடாமல் அலைகிறவர்கள் உண்டு. கிரவுண்டில் மயங்கி விழுந்த பையனிடம் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

பாக்கெட் உணவில் கோதுமை வகை, நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டை வகை, சோயா இருந்தால் அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. மெஸ்ஸுக்கும் கையேந்தி பவனுக்கும் லேபிள் கிடையாது. மாஸ்டரிடம் நேரில் கேட்பதுதான் வழி.

நாற்பது வயது வரை நண்டு சாப்பிட்டேன், இப்போது மட்டும் ஏன்?

உடம்பு ஒரு பொருளைப் பகையாகப் பதிந்துகொள்ள முந்தைய அறிமுகம் வேண்டும். அது எப்போது பதியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் ரிஷே 1902-இல் கடல் சாமந்தி என்ற கடல் உயிரியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மீண்டும் செலுத்தியபோது அரை மணிக்குள் செத்தது. பழகப் பழகத் தாங்கும் சக்தி கூடும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மாறாகக் கிடைத்த முடிவு அது. 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. “கொஞ்சங்கொஞ்சமா தின்னு பழக்கிக்கிறேன்” என்று வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

ஊசி, மாத்திரையில் எது வரும்? டெஸ்ட் டோஸ் போட்டால் பயமில்லையா?

பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து, ஸ்கேனுக்கு ஏற்றும் சாயம். டெஸ்ட் டோஸில் ஒன்றும் வரவில்லை என்பது முழு உத்தரவாதம் இல்லை. அந்தத் துளியிலேயே கடும் அலர்ஜி வந்தவர்களும் உண்டு. எந்த ஊசி போட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடாதீர்கள். மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். “ஒரு மஞ்ச மாத்திரை ஆகாதுங்க” என்று சொன்னால் நானோ டாக்டரோ ஒன்றும் செய்ய முடியாது.

குழந்தைகளின் தடுப்பூசியில் இது மிக மிக அரிது, பத்து லட்சத்தில் ஒன்று போல. போட வரும் கிராமச் சுகாதார செவிலியரிடம் இதற்கான பெட்டியும் இருக்கும், முதல் ஊசி போடும் பயிற்சியும் இருக்கும்.

ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். அதுவும் இதுவா?

பெரும்பாலும் இல்லை. பயத்தில் வரும் மயக்கத்தில் முகம் வெளிறும், வேர்க்கும், நாடி மெதுவாகும், படுத்த ஓரிரு நிமிடத்தில் தெளியும். தடிப்போ இழுப்போ இருக்காது. சந்தேகமென்றால் கடும் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கைக்குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அதற்குச் சொல்லத் தெரியாது. புதிதாக ஏதோ ஊட்டிய சிறிது நேரத்தில் தொடர்ந்து கக்குவது, விடாத அழுகைக்குப் பின் திடீரென்று துவண்டு தூங்குவது, குரல் கரகரப்பது, நாக்கைத் தள்ளுவது, உடம்பு வெளிறுவது. அழுது களைத்துத் தூங்குகிறது என்று தூளியில் போட்டுவிடாதீர்கள். தோளில் நிமிர்த்திப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம், கையில் கிடத்தியபடி கொண்டு போங்கள். ஆறு வயதுக்குக் கீழே ஊசியின் அளவு வழக்கமாக 0.15 மி.கி., ஆறு முதல் பன்னிரண்டு வரை 0.3 மி.கி.

ஊசி போட்டதும் நன்றாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். சிலருக்கு அடங்கிய அலர்ஜி, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே சில மணி நேரத்தில் திரும்ப வரும். அரிதாக மூன்று நாள் வரைகூட. கடுமையாக வந்திருந்தால், இரண்டு ஊசி தேவைப்பட்டிருந்தால், ஆஸ்துமா இருந்தால், வீடு ஆஸ்பத்திரியிலிருந்து தூரம் என்றால் ஒரு இரவு இருந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் பேனா மாதிரி ஊசி வைத்திருக்கிறார்களே?

மருந்து நிரம்பிய பேனா அது, தொடையில் வைத்து அழுத்தினால் தானாக ஏறும். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது, வரவழைத்தால் விலை அதிகம். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருமுறை கடும் அலர்ஜி வந்தவர்கள் டாக்டரிடம் பேசி, ஆம்பியூலும் 1 மி.லி. சிரிஞ்சும் எழுதி வாங்கி, உடைத்து இழுத்துப் போடுவதை வீட்டில் இரண்டு பேராவது அவர் முன்னாலேயே பழகிக்கொள்ளலாம். உங்கள் அளவு எந்தக் கோடு வரை என்று சிரிஞ்சு உறையில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். சீட்டில்லாமல் வந்து கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலோ காரின் முன்பக்கத்திலோ வைத்தால் வீரியம் போய்விடும். ஃப்ரீசரிலும் வைக்கக்கூடாது. நிறமில்லாத திரவம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

எதனால் வந்தது என்று டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம், நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து. அலர்ஜி வந்த உடனே எடுத்தால் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். தோலில் குத்திப் பார்ப்பதும், ரத்தத்தில் ஐ.ஜி.இ. (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) பார்ப்பதும் பயனுள்ளவை. நூறு, இருநூறு உணவுக்கு ஐ.ஜி.ஜி. (இது வேறு வகை எதிர்ப்புப் புரதம்) பார்த்துத் தருகிறோம் என்ற பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். அது நீங்கள் சாப்பிட்ட உணவுகளைக் காட்டுமே தவிர அலர்ஜியைக் காட்டாது. எந்த டெஸ்டையும்விட உதவுவது, வந்த அன்றைக்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை, செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிவைத்த ஒரு தாள்.

பிள்ளைக்கு இப்படி இருக்கிறது. பள்ளியிலும் விசேஷ வீட்டிலும் என்ன சொல்வது?

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அவர் லீவு போடும் நாளும் உண்டு. பிள்ளையின் படம், ஆகாத பொருள், மருந்து இருக்கும் இடம், அளவு, இரண்டு ஃபோன் நம்பர் இவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஆபீஸில் ஒன்றும் சத்துணவுக் கூடத்தில் ஒன்றும் கொடுங்கள். மருந்து பீரோவில் பூட்டிக் கிடந்தால் சாவி தேடவே நேரம் போகும், பூட்டாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

விசேஷ வீட்டில் சொந்தக்காரர்களிடம் சொல்வதைவிடச் சமையல்காரரிடம் சொல்வது பலன் தரும். “கடலை போட்டது எது எதுண்ணே?” என்று கேட்டால் அவர் சரியாகச் சொல்லிவிடுவார். “ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிரப்போவுது” என்று ஊட்ட வரும் அத்தையைச் சமாளிக்கப் பிள்ளைக்கே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: “எனக்கு இது சாப்பிட்டா மூச்சு நின்னுரும் அத்தை.” அதைக் கேட்டபின் யாரும் வற்புறுத்துவதில்லை.